நாளொன்றுக்கு இரண்டாயிரம் காலடி

எங்கள் பரிசோதனை அறையிலிருந்து கேன்டீனுக்கு நூற்று நாற்பத்திரண்டு காலடி. குழாயடிக்கு அறுபத்தெட்டு. வாசல் கேட்டுக்கு இருநூற்றுப் பத்து, மழைக்காலத்தில் குழியைச் சுற்றிப் போக வேண்டும் என்பதால் இன்னும் பதினைந்து. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம் நிற்கிறது. எண்கள் மட்டும் எனக்கு மறக்கவில்லை. அவற்றை எண்ணியவள் நான் அல்ல. பதினாறு வருடம் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் எண்ணினார்.

நாங்கள் செய்தது வண்டிகளுக்கான புஷ். சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே உட்கார்ந்து, தான் தேய்ந்து, மற்ற இரண்டையும் தேயாமல் காக்கும் வளையம் அது. கடைசல் பிரிவிலிருந்து தட்டு தட்டாக வரும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, சரியானதைப் பச்சைத் தட்டிலும் சரியில்லாததைச் சிவப்புத் தட்டிலும் போட வேண்டும். அவரும் நானும் செய்தது அவ்வளவுதான். நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வருவேன். என் கணவருக்கு அங்கே ராணுவத் தளவாட வேலை, எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அடுத்த மேசைக்காரரோ கரையான்சாவடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன்.

அவருக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை ‘சுமார்’. யாராவது ஒரு பொருளைப் பார்த்துச் சுமார் இவ்வளவு இருக்கும் என்றால், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அளந்தியா என்று கேட்பார். இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது. ஒரு மாதக் கடைசியில் உற்பத்தி மேலாளர் எங்கள் அறைக்கு வந்து, ஒரு தட்டு முழுவதையும் பச்சையில் போட்டுவிடும்படி அவரிடம் கெஞ்சினார், பிறகு மிரட்டினார். அளவில் குறைந்திருந்தது மயிரிழையில் பாதிகூட இல்லை. இவர் எழுந்திருக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

“நா சொல்லல சார். இது சொல்து. இத்த வேணா திட்டுங்கோ” என்று மைக்ரோமீட்டரை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

மேலாளர் போன பிறகும் அந்த மைக்ரோமீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பயமில்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. பயந்துகொண்டேதான் சொன்னார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே அவர் நொண்ட ஆரம்பித்திருந்தார். முதலில் செருப்பைக் குற்றம் சொன்னார். பிறகு பஸ் படிக்கட்டை. நெடுநாளாக அவருக்கு மூச்சிழுப்பு இருந்தது. அதற்கு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி, வருடக்கணக்கில் ஒரு மாத்திரை விழுங்கி வந்திருக்கிறார். போட்டால் மூச்சு சுகமாக வரும், முகம் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். அந்த மாத்திரை உள்ளே வேறொரு வேலையும் செய்திருந்தது. வலது தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போவது நின்று, அந்தக் குமிழ் உயிரிழந்து நொறுங்கிவிட்டதாக நகரத்து மருத்துவமனையில் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வயதில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். எலும்புக் குமிழுக்குப் பதில் ஓர் உலோகக் குண்டு. அது சுழலுவதற்கு வெள்ளை வெளேரென்று ஒரு பிளாஸ்டிக் கிண்ணம்.

அறுவை சிகிச்சை செய்தவர் ஓய்வு பெறும் நிலையில் இருந்த வயதான மருத்துவர். இவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிரித்துக்கொண்டே சொன்னாராம், இதுவும் உங்கள் புஷ் மாதிரிதான், பார்த்துப் புழங்கினால் பத்து வருடம் வரும், ஓட்டினால் சீக்கிரம் தேயும் என்று. நோயாளிக்குப் புரியட்டும் என்று சொன்ன பேச்சு அது. வேறு யாராக இருந்தாலும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

இவர் மறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே எங்கள் தேய்மான அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். இத்தனை லட்சம் சுற்றுக்கு இவ்வளவு தேய்மானம், ஒரு காலடிக்கு இவ்வளவு அசைவு, ஆகவே நாளொன்றுக்கு இரண்டாயிரம் காலடிக்கு மேல் போகாமல் இருந்தால் கிண்ணம் இருபது வருடம் வரும். உலோகத்துக்கான அட்டவணையைப் பிளாஸ்டிக்குக்கு எப்படிப் பொருத்துவது என்று நான் கேட்டேன். கையில் இருக்கும் அளவு இதுதான், இல்லாத அளவைத் தேடி எங்கே போவது என்றார்.

பக்கத்துத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பேரிங் குண்டுகளில் இருபதை வாங்கி வந்தார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருபதும் கால்சட்டையின் வலது பையில் இருக்கும். நூறு காலடிக்கு ஒரு குண்டு இடது பைக்குப் போகும். வலது பை காலியானால் அன்றைய நடை தீர்ந்தது. அதன் பிறகு அவர் எழுந்திருக்கமாட்டார். மாலை வீடு திரும்ப நான்கு குண்டு வேண்டும் என்பதால் மூன்று மணிக்கே சிக்கனம் தொடங்கிவிடும். தட்டுகளைக் கொண்டுவரவும் கொண்டுபோகவும் ஆட்களிடம் பேசி வைத்திருந்தார். பதிலுக்கு அவர்களுடைய எழுத்து வேலை முழுவதையும் உட்கார்ந்த இடத்திலேயே செய்து கொடுத்தார். கேன்டீனுக்குப் போவதை நிறுத்தினார். அவருக்கான தேநீரை நான் கொண்டு வந்தேன். நல்ல மனிதர், என்ன செய்வது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்.

ஒரு நாள் பிரஸ் பிரிவில் ஒருவனுடைய கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. அலறல் கேட்டு அறையிலிருந்த அனைவரும் ஓடினோம். திரும்பி வந்தபோது அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைத் தொலைபேசியில் ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொன்னவர் அவர்தான், மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தவரும் அவர்தான். அவனுடைய இரண்டு விரல்கள் பிழைத்ததற்கு அந்தத் தொலைபேசியும் ஒரு காரணம். ஆனாலும் பிரஸ் பிரிவு ஆட்கள் பல மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவன் துடிக்கும்போது குண்டு எண்ணிக்கொண்டிருந்தவர் என்று பேசிக்கொண்டார்கள். அது அநியாயம் என்று நான் அவர்களோடு வாதாடினேன். வாதாடும்போதே எனக்குள்ளும் ஏதோ ஒன்று உறுத்தியது. ஓடிப் போன நாங்கள் பத்துப் பேர் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் ஓடாமல் ஒருவரால் இருக்க முடிந்ததே.

அவருடைய மனைவி கஸ்தூரி அண்ணியை எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர்கள் மகள் செல்விக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முன்னே பார், கையை இறுக்காதே, பெடலை விடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீட்டைப் பிடித்தபடி தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அண்ணி ஓடிக்கொண்டிருந்தாள். நான் போய் ஒரு சுற்று மாற்றிக்கொண்டேன். எனக்கு மூச்சு வாங்கியது. அண்ணி சிரித்தாள். தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, பூந்தமல்லி மார்க்கெட், செல்வியின் பள்ளிக்கூடம் எல்லாம் அவள் பங்குதான் என்பதை அன்று பார்த்தேன். பார்த்துவிட்டு, எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அவரிடம் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன், இப்படிச் சேர்த்து வைத்து என்னண்ணே செய்யப் போகிறீர்கள் என்று. அவர் யோசிக்கவே இல்லை. பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்திருக்கிறது.

“செல்வி கண்ணாலத்துக்கு நின்னுகினு எல்லாரையும் வாங்கோன்னு சொல்லணும் தங்கச்சி. ரிட்டயர் ஆனப்புறம் உங்க அண்ணிய இட்டுகினு நாலு ஊரு சுத்தணும். அது எங்கியும் போனதில்ல. அப்போ கால் இல்லன்னா இன்னா பண்றது?”

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்ததில்லை.

பத்து வருடம் இப்படிப் போனது. வலி என்பதே இல்லை. நொண்டலும் நின்றிருந்தது. அந்த மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்த எலும்பு மருத்துவர் ஒருவர், முன்பு இடுப்பு மாற்றிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதி, படம் எடுத்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். இவர் அந்தக் கடிதத்தைச் சந்தோஷமாகத்தான் எனக்குக் காட்டினார். பத்து வருடத்தில் கிண்ணம் எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்துவிடும், தன் கணக்கு சரியா என்று பார்த்துவிடலாம் என்று சொன்னார். மருத்துவர் சொல்வதை ஒன்று விடாமல் புரிந்துகொள்ள என்னையும் வரச் சொன்னார். அண்ணி, அவர், நான் மூவரும் போனோம்.

காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் பழம் விற்கும் அம்மா ஒருத்தி இருந்தாள். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் கூடை தூக்குகிறவள். இவருக்கு மாற்றிய அதே வருடம் அவளுக்கும் மாற்றியிருந்தார்கள். தினம் எவ்வளவு நடப்பீர்கள் என்று இவர் அவளிடம் அக்கறையாகக் கேட்டார். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கெல்லாம் போவேன் என்றாள். இவர் என்னைப் பார்த்தார். பாவம், சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இவருடைய படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு மருத்துவர் பேனா முனையால் ஓரிடத்தைக் காட்டினார். கிண்ணத்துக்குப் பின்னால் வெள்ளையாக எலும்பு தெரிய வேண்டிய இடத்தில், கரையான் அரித்த சட்டம் போலக் கறுப்புக் கறுப்பாகக் குழிகள். எனக்கே தெரிந்தது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். குண்டு உரசும்போது பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறது. உடம்பு அதை எதிரி என்று நினைத்து, தின்று தீர்க்க ஆள் அனுப்புகிறது. அந்த ஆட்களால் பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் பக்கத்திலிருக்கும் எலும்பு கரைகிறது. கரையும்போது வலிக்காது. கிண்ணம் ஆடும்போதோ எலும்பு உடையும்போதோதான் வலிக்கும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

பிறகு, தினம் எவ்வளவு நடக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் தன் கணக்கைச் சொன்னார். அட்டவணை, இரண்டாயிரம், இருபது குண்டுகள், பத்து வருடம். சொல்லும்போது குரலில் ஒரு மாணவனுடைய பெருமை இருந்தது. மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“தினமுமா?”

“ஒரு நாள் தாண்டினதில்ல சார்.”

மருத்துவர் அவரை நோகடிக்காமல் சொல்லப் பார்த்தார். நடை ஒரு காரணம்தான், ஆனால் அது ஒன்று மட்டும் இல்லை. கிண்ணம் எந்தச் சாய்வில் உட்கார்ந்தது, அந்தப் பிளாஸ்டிக் எப்படிப்பட்டது, அந்தத் தூளோடு அவரவர் உடம்பு எவ்வளவு சண்டை போடுகிறது என்று பல இருக்கின்றன. அதோடு, பாரம் தாங்காத எலும்பு தானாகவே மெலியும் என்றார்.

“அப்போ நா நல்லா நடந்துகினு இருந்தாலும் இதே தானா சார்?”

“தெரியாது. இதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம். இதே மாதிரியும் இருந்திருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கத்தான் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். இன்னும் எனக்குத் தெரியாதுங்க.”

குழிகளைக்கூட அவர் தாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். அந்தத் ‘தெரியாது’ என்பதைத் தாங்க முடியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, அந்த அம்மா கூடை தூக்குகிறாள் என்றார். ஒருவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது அண்ணே என்றேன். ஒரு பீஸை வைத்து ஒரு தட்டைக் கழிக்க முடியாது என்று தனக்குத் தெரியாதா என்றார். அண்ணி இருவருக்கும் நடுவில் நின்று பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அன்று நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது அறுவை சிகிச்சை பெரியது. பழைய கிண்ணத்தை எடுத்து, குழிகளில் எலும்புத் துண்டுகளைப் பொடித்து அடைத்து, அதன் மேல் புதிய கிண்ணம் பதித்தார்கள். ஐந்து மணி நேரம் ஆனது. மூன்று மாதம் நடைச்சட்டம் பிடித்து, வலது காலில் முழு பாரம் போடாமல் இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அண்ணி தொழிற்சாலைக்கு வந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை என்னிடம் கொடுத்தாள். உள்ளே பழைய கிண்ணம், சுத்தம் செய்யப்பட்டு, துணியில் சுற்றியிருந்தது. கூடவே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ஆறு இடத்தில் அளக்கவும், ஒவ்வொன்றையும் மூன்று முறை. மருத்துவர் தன் ஆராய்ச்சிக்காக அதை வைத்துக்கொள்ள விரும்பியிருக்கிறார். இவர் ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கி வந்திருந்தார்.

பழைய பல் மாதிரி மஞ்சள் பாய்ந்திருந்தது. ஒரு மனிதருக்குள் பத்து வருடம் இருந்த பொருளைக் கையில் எடுக்கத் தயங்கினேன். பிறகு அளவுப் பலகையில் வைத்து டயல் கேஜை இறக்கினேன். தேயாத பக்கத்துத் தடிமன், தேய்ந்த பக்கத்துத் தடிமன். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நம்பாமல் மறுபடி அளந்தேன். பத்து வருடத்தில் கழற்றும் கிண்ணங்களில் இதைவிட எவ்வளவோ அதிகத் தேய்மானத்தைப் பார்த்திருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார்.

அவர் கிண்ணத்தைக் காப்பாற்றியிருந்தார். எலும்பு போயிருந்தது.

அந்த எண்ணைத் தாளில் எழுதிவிட்டு, என் வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அளவை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டரை மில்லிமீட்டர் என்று போட்டால், கிண்ணம் தேய்ந்ததால்தான் எலும்பு போனது என்று அவர் மனம் சமாதானமாகும். தாளை மடித்து வைத்துக்கொண்டு வார நடுவிலிருந்து ஞாயிறு வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை முடிவு செய்யவில்லை. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டியதும், எழுதியது எழுதியபடி தாளைக் கொடுத்துவிட்டேன்.

பார்த்தார். மூணு தடவை எடுத்தியா என்றார். எடுத்தேன் என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று பயந்தேன். அவர் வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

“ஒரு வாரமா இங்கியே குந்திகினு கீறேன். வேற வேல இல்ல. நேத்து உங்க அண்ணி நடக்கறத எண்ணினேன்.”

நான் அவர் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

“ஊட்டுக்குள்ள, குழாயாண்ட, கடைக்கு. பத்து மணிக்கே ரெண்டாயிரம் தாண்டிட்ச்சு. அப்புறம் மார்க்கெட்டுக்குப் பூட்ச்சு, அது எனக்குத் தெரியல. திரும்பி வந்து மறுபடியும் ஆரம்பிச்சுது. என்னால எண்ண முடியல தங்கச்சி, வுட்டுட்டேன்.” தெருவைப் பார்த்தார். “பத்து வருசம் என் நடையும் அதுதான் நடந்துகீது. நா நம்பள்து மட்டும் எண்ணிகினு இருந்துட்டேன்.”

உள்ளேயிருந்து அண்ணி தேநீர் கொண்டு வந்தாள். கேட்டிருப்பாள். எங்கள் இருவர் கையிலும் டம்ளரைக் கொடுத்துவிட்டு, ஆறிவிடப் போகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் நடப்பதை நானும் அன்று முதல் முறையாகப் பார்த்தேன். இடது முழங்கால் சரியாக மடங்கவில்லை.

ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பியவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொன்னால் அது கதையாகிவிடும். சுமாருக்கு அவர் முகம் சுளிப்பது மாறவில்லை. அந்த மேலாளருடன் சண்டையும் ஓயவில்லை. இரண்டாவது மூட்டு முதல் அளவுக்கு நாள் வருமென்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டும் அவர் எந்தக் கணக்கும் போடவில்லை. பதினொரு மணிக்கு எழுந்து கேன்டீனுக்குப் போய், எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி, பாதியைச் சிந்திக்கொண்டு வருவார். நான் போகிறேன் அண்ணே என்றால் கோபம் வரும். காலையில் பெரிய குடத்தைத் தூக்கக் கூடாது என்று சின்னக் குடத்தில் இரண்டு நடை தண்ணீர் கொண்டு வருவதாக அண்ணி சொன்னாள். பாதிக் குடம்தான் வீடு வந்து சேருமாம், துடைக்கிற வேலை தனியாம். புகார் மாதிரித்தான் சொன்னாள். செல்வி கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வாங்க என்றார். அண்ணியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று என்னைக் காவல் போட்டார். அவள் நான்கு முறை எழுந்தாள்.

இரண்டாவது மூட்டு போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி வந்தவர், பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இடுப்பு நன்றாகவே இருந்தது. முந்தின மாதம் எடுத்த படத்தில்கூட அடைத்த எலும்பு பிடித்துக்கொண்டு வளர்ந்திருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார்.

எட்டு மாதம் கழித்து அண்ணி ஒரு நீள உறையை எடுத்துக்கொண்டு ஆவடிக்கு என் வீட்டுக்கு வந்தாள். படியேறி வர நேரமானது. மருத்துவமனையிலிருந்து வருடா வருடம் அனுப்பும் படிவம். இறந்த செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. நோயாளி உயிரோடு இல்லையென்றால் தேதியை மட்டும் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும், மற்றவற்றை நிரப்ப வேண்டியதில்லை என்று மேலேயே அச்சிட்டிருந்தது. தேதியை எழுதி உறையில் போடப் போனேன்.

“மத்ததும் எழுதும்மா” என்றாள் அண்ணி. “காலியா வுட்டா அவுருக்கு ஆவாது.”

எழுதினோம். வலி உண்டா, இல்லை. தாங்கல் தேவைப்படுகிறதா, ஊன்றுகோல். படியேற முடிகிறதா, முடியும், மெதுவாக. ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. அண்ணிக்கு எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியிருந்தபோது ஒரு தரம் போனோம், கரை மேலேயே மதகுவரை நடந்தோம் என்றாள். அது எவ்வளவு தூரம் இருக்கும் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. அவர் எண்ணிச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“இல்லியே. பேசிகினே போனோம்.”

‘வேண்டிய தூரம்’ என்றிருந்த கடைசிக் கட்டத்தில் குறி போட்டேன்.

முடிவில் ஒரு கேள்வி இருந்தது. இந்த அறுவை சிகிச்சையில் உங்களுக்குத் திருப்தியா? அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்த ஆபரேசன கேக்கறாங்கோ? மொதல்ல பண்ணதா, ரெண்டாவதா?”

ரெண்டாவது, அண்ணி என்றேன்.

“அதுக்கு ஆமான்னு போடு.” பேனா தாளில் பதியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள், “மொதல்ல பண்ணத பத்தி எதுவும் கேக்கல இல்ல?”

“கேக்கல.”

“செரி, வுடு” என்றாள்.